முதல் எழுத்துக்கு எந்தப் பலகை?

"எனக்குக் கம்ப்யூட்டர் மூளையே இல்லை, சித்தி!"

சென்ற வாரம் என் தமக்கையின் பெண் இப்படிச் சொல்லிவிட்டு லாப்டாப்பைப் பட்டென்று மூடினாள். கண்களில் நீர் முட்டி நின்றது.

என்ன நடந்தது என்று விசாரித்தேன். கல்லூரியில் சேருமுன் புரோகிராம் எழுதப் பழகவேண்டும் என்று அவளுக்கு ஆசை. யாரோ சொன்னார்களாம், தொழில் நிபுணர்கள் உபயோகிக்கும் பெரிய சாப்ட்வேர் ஒன்றை இறக்கிக்கொண்டிருக்கிறாள். திரை நிறையப் பொத்தான்கள், பட்டியல்கள், எச்சரிக்கைகள்! அதைச் சரிப்படுத்துவதிலேயே மூன்று மாலைப்பொழுது போயிற்று. ஒரு வரி எழுதவில்லை. அதற்குள் பழியைத் தன் மூளையின்மேல் போட்டுவிட்டாள்!

சமையல் பழக வந்த பெண்ணைக் கல்யாண வீட்டுக் கோட்டையடுப்பின் முன் நிறுத்தினால் அவள் என்ன செய்வாள், பாவம்? குற்றம் அவள் கையிலா, அடுப்பிலா?

இதைப் பெரியவர்கள் என்றோ யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியின் கணிதப் பேராசிரியர்களான கெமனியும் கர்ட்ஸும், விஞ்ஞானம் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைக் கையாளட்டும் என்று 1964-ல் 'பேசிக்' என்ற எளிய மொழியை உருவாக்கினார்கள். 1967-ல் குழந்தைகளுக்காக 'லோகோ' பிறந்தது.

இன்று வழி இன்னும் சுலபம். எட்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு 'ஸ்கிராட்ச்' போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவாகி, 2007-ல் வெளிவந்தது. கட்டளைகளெல்லாம் வண்ணக் கட்டைகள். ஒன்றோடொன்று பொருத்தினால் திரையில் பூனை நடக்கும்!

பெரிய பிள்ளைகளுக்கும், ஏன், நமக்கும் 'பைதான்' மொழி ஏற்றது. அதை எழுதிப் பழக 'தோனி' என்றொரு சாப்ட்வேர் இருக்கிறது. (கிரிக்கெட் ஞாபகம் வேண்டாம்!) எஸ்தோனியா நாட்டின் தார்த்து சர்வகலாசாலையில் உருவானது. காசு கிடையாது. பைதானும் கூடவே வந்துவிடுவதால் தனியாகத் தேடி அலையவேண்டாம். மேலே எழுத ஓரிடம். கீழே விடை பார்க்க ஓரிடம். மேற்கோள் குறியை மூட மறந்தால் வண்ணம் தீட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். புரோகிராமைப் படிப்படியாக நிறுத்தி ஓட்டி, கம்ப்யூட்டர் கணக்குப் போடும் விதத்தையும் கண்ணால் பார்க்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதல் விடை இன்று மாலைக்குள் கிடைக்குமா? பிழை எங்கே என்று புரியும்படி காட்டுமா? வேண்டாத பொத்தான்கள் குறைவா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் தைரியமாக இறங்கலாம். கை பழகியபின் பெரிய சாப்ட்வேருக்கு மாறினாலும் பைதான் பைதான்தான்; கற்றது வீண்போகாது.

அன்று மாலையே எங்கள் வீட்டுப் பால் கணக்கைத் தோனியில் எழுதச் சொன்னேன். நாலே வரி. முதலில் ஓடவில்லை. என் மனம் திக்கென்றது, மறுபடி அழுவாளோ? அவளோ திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கலகலவென்று சிரித்தாள்.

"தப்பு என் மூளையில் இல்லை, சித்தி! மூன்றாவது வரியில்தான் இருக்கிறது!"