அப்பாவும் அம்மாவும் அல்பினோ... குட்டி மட்டும் சாதாரண நிறம் ஏன்? சிறுத்தைப் பல்லிகளின் நிறக் கணக்கு

அப்பா பல்லி அல்பினோ. அம்மா பல்லியும் அல்பினோ. இரண்டின் உடம்பிலும் கறுப்பு என்பதே கிடையாது. ஆனால், முட்டை பொரிந்து வந்த குட்டிகள் அத்தனையிலும் அழுத்தமான கறுப்புப் பட்டை! ‘முட்டை ஏதும் மாறிப்போச்சா?’ என்று வளர்ப்பவர் குழம்பிவிடுவார். முட்டை மாறவில்லை, கணக்குதான் தப்பியிருக்கிறது.

லெப்பர்டு கெக்கோ எனப்படும் சிறுத்தைப் பல்லியின் பூர்வீகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட நிலங்கள். நம் வீட்டுப் பல்லியைப்போல இது சுவரில் ஏறாது. கண்ணுக்கு இமை உண்டு. காட்டில் இதன் நிறம் மஞ்சள், அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்டதில் வெள்ளை, ஆரஞ்சு, புள்ளியே இல்லாதது எனப் பல வகைகள் உருவாகிவிட்டன. இவற்றை ‘மார்ஃப்’ என்கிறார்கள். எந்த ஜோடிக்கு எந்த மார்ஃப் பிறக்கும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

நான்கு கட்டம் போதும்

பெரும்பாலும் முடியும். பள்ளியில் மெண்டலின் பட்டாணிச் செடிக்குப் போட்ட அதே புன்னட் சதுரம்தான் இங்கேயும். ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று.

அல்பினோ ஒரு ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் பல்லி பார்க்கச் சாதாரணமாகவே இருக்கும். ஆனால் பண்பைச் சுமந்துகொண்டிருக்கும். வளர்ப்பவர்கள் பேச்சில் இதற்குப் பெயர் ‘ஹெட்’. இரண்டு ஹெட் பல்லிகள் சேர்ந்தால் ஒவ்வொரு முட்டையிலும் அல்பினோ வர 25% வாய்ப்பு.

‘மேக் ஸ்நோ’ என்ற வெள்ளை வகையின் கதை வேறு. இது முழுமையற்ற ஓங்குபண்பு. ஒரு பிரதி இருந்தாலே மஞ்சள் குறைந்து வெளுப்பு தெரியும். இரண்டு பிரதி சேர்ந்தால் ‘சூப்பர் ஸ்நோ’: வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகள், கண் முழுக்கக் கறுப்பு. இரண்டு மேக் ஸ்நோ சேர்ந்தால் 25% சூப்பர் ஸ்நோ, 50% மேக் ஸ்நோ, 25% சாதாரண நிறம்.

‘நாலுல ஒண்ணு வரணுமே?’

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 25% என்றால் நான்கு முட்டைக்கு ஒன்று உறுதி என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு முட்டையும் தனித்தனிச் சீட்டுக் குலுக்கல். பெண் பல்லி ஒரு தடவைக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டைதான் இடும். ஹெட் ஜோடி எட்டு முட்டை இட்டும் ஒன்றுகூட அல்பினோவாக இல்லாமல் போக 10-ல் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

விற்பனையில் ‘66% ஹெட்’ என்று எழுதியிருப்பதும் இந்தக் கணக்கின் தொடர்ச்சிதான். ஹெட் ஜோடியின் குட்டிகளில் சாதாரண நிறத்தில் இருப்பவை மூன்று பங்கு. அதில் இரண்டு பங்கு ஹெட். எது ஹெட் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அல்பினோவோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒரு அல்பினோ குட்டி பிறந்தாலே அது ஹெட் என்பது உறுதி. பிறக்காவிட்டால் சந்தேகம் குறையுமே தவிர, முழுதாகத் தீராது.

அல்பினோவில் மூன்று வகை

சரி, தொடக்கத்தில் சொன்ன ஜோடிக்கு என்ன ஆனது? சிறுத்தைப் பல்லிகளில் ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர் என மூன்று தனித்தனி அல்பினோ வகைகள் உண்டு. மூன்றும் வெவ்வேறு மாற்றங்கள். ஒரு வீட்டில் பல்பு இல்லை. இன்னொரு வீட்டில் ஃபியூஸ் போயிருக்கிறது. இரண்டு வீடும் இருட்டுதான். முதல் வீட்டு ஃபியூஸையும் இரண்டாம் வீட்டு பல்பையும் ஒன்றாகச் சேர்த்தால் விளக்கு எரிந்துவிடும். அப்பா ட்ரெம்பர், அம்மா பெல் என்றால் நடப்பது இதுதான். குட்டிகள் அத்தனையும் சாதாரண நிறம்; இரண்டு வகைக்கும் ஹெட். அடுத்த தலைமுறையில் அல்பினோ பிறந்தால் அது எந்த வகை என்று பிரிப்பது கடினம். அதற்குப் பிறகு போடும் கணக்கெல்லாம் தப்பும். அதனால்தான் வகைகளைக் கலக்காதீர்கள் என்று அனுபவசாலிகள் வலியுறுத்துகிறார்கள்.

சதுரத்துக்குள் அடங்காதவையும் உண்டு. ‘டான்ஜரின்’ ஆரஞ்சு நிறம் பல மரபணுக்கள் சேர்ந்து தருவது. நல்ல நிறமுள்ளவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துத்தான் கூட்ட முடியும். ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் வெப்பம் முடிவு செய்கிறது. 26 டிகிரி செல்சியஸ் அளவில் பெரும்பாலும் பெண். 32-33 டிகிரியில் பெரும்பாலும் ஆண்.

அழகோடு வந்த ஆபத்து

2015-ல் அமெரிக்காவில் பளிச்சென்ற மஞ்சள்-வெள்ளை நிறத்தில் ‘லெமன் ஃப்ராஸ்ட்’ வந்தது. ஒரு பிரதி இருந்தாலே நிறம் தெரியும். சாதாரணப் பல்லியோடு சேர்த்தாலும் பாதி முட்டையில் வரும். அதனால் வேகமாகப் பெருக்க முடிந்தது. பிறகுதான் அவற்றின் தோலில் வெள்ளைக் கட்டிகள் தென்பட்டன.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் வளாகத்தில் லோங்ஹுவா குவோ, லியோனிட் க்ருக்லியாக் குழுவினர் இதை ஆராய்ந்தார்கள். 2021-ல் ‘பிளாஸ் ஜெனடிக்ஸ்’ ஆய்விதழில் முடிவு வெளியானது. வெள்ளை நிறம் தரும் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதே கட்டிக்குக் காரணம். லெமன் ஃப்ராஸ்ட் பல்லிகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இந்தக் கட்டி வருகிறது. நிறமும் கட்டியும் மரபணுத் தொகுதியில் ஒரே இடத்தோடு பிணைந்திருக்கின்றன. அங்கே இருப்பது ‘ஸ்பிண்ட்1’ என்ற மரபணு. மனிதரின் மெலனோமா தோல் புற்றுநோயிலும் இந்த மரபணுவுக்குத் தொடர்பு உண்டு.

‘வேற நல்ல பல்லியோட சேர்த்தா நிறம் நிக்கும், நோய் போயிடும்’ என்ற நம்பிக்கைக்கு இந்த முடிவு இடம் தரவில்லை. ‘எனிக்மா’ வகையிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. அதில் பல பல்லிகள் தலையைச் சாய்த்துக்கொள்ளும், நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும், இரையைக் குறிபார்க்கத் தடுமாறும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். லெமன் ஃப்ராஸ்ட் ஒன்றைச் சாதாரணப் பல்லியோடு சேர்த்தால் பத்து முட்டையில் சராசரியாக ஐந்து அந்த நிறத்தில் வரும். அந்த ஐந்தில் நான்குக்கோ அதற்கு மேலோ கட்டி வரும். எத்தனை குட்டி அழகாகப் பிறக்கும் என்று கணிக்கும் அதே சதுரம், எத்தனை குட்டிக்கு நோய் வரும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஜோடி சேர்ப்பதற்கு முன் இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.