ஆய்வேடு முடிந்தது, கட்டுரை எப்போது?

கேமரன் மலையின் திரிங்காப்பிலிருந்து வடக்கே கம்போங் ராஜா பக்கம் போனால் புளூ வேலி தேயிலைத் தோட்டம், தெற்கே பிரிஞ்சாங் பக்கம் வந்தால் சுங்கை பாலாஸ் தோட்டம். 1929இல் ‘போ’ (BOH) தேயிலை நிறுவனம் இந்த மலையில் கால்வைத்த நாளிலிருந்து இங்கே தேயிலையும் தமிழர் வாழ்க்கையும் ஒன்றாகவே வளர்ந்தன. இப்படிப்பட்ட தோட்டப்புறங்களைப் பற்றி நம் பிள்ளைகள் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார்கள். ஆனால், பல ஆய்வேடுகள் நூலக அலமாரியோடு நின்றுவிடுகின்றன. அவை ஆய்விதழ்களில் கட்டுரைகளாக வரவேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: ஆய்வேட்டைச் சுருக்கினால் கட்டுரை ஆகாது. ஆய்வேடு தேர்வாளருக்காக எழுதியது. எல்லாம் படித்திருக்கிறேன் என்று அதில் காட்டியாக வேண்டும். இதழின் வாசகர் உங்களுக்கு மதிப்பெண் போட வரவில்லை. புதிதாக என்ன கண்டீர்கள் என்பதுதான் அவருக்கு வேண்டும். 80,000 சொல் ஆய்வேட்டுக்கு எதிரே, சமூகவியல் இதழ் பெரும்பாலும் கொடுக்கும் இடம் 8,000 சொல் அளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்களின் சமூகப் பொருளாதார நிலை’ என்பது உங்கள் ஆய்வேடு என்று வைத்துக்கொள்வோம். கூலி, வீடு, பள்ளி, கோயில் எல்லாம் அதில் இருக்கும். கட்டுரைக்கு ஒரே கேள்வி போதும்: கையால் கொழுந்து கிள்ளிய இடத்தில் கத்தரியும் இயந்திரமும் வந்தபோது பெண்களின் வேலை என்ன ஆயிற்று? அதற்குப் பதில் சொல்லும் பேட்டிகளை மட்டும் எடுத்து, வெற்றுத்தாளிலிருந்து எழுதுங்கள். நாற்பது பக்க முன்னாய்வு நான்கு பத்தியாகட்டும். பள்ளியும் கோயிலும் அடுத்த கட்டுரைக்குக் காத்திருக்கட்டும்.

கேமரன் மலைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இதில் கவனமாக இருக்கும்படி மிகவும் வலியுறுத்துவேன். ஆய்வேட்டைச் சிலர்தான் படிப்பார்கள். இணையத்தில் வரும் கட்டுரையைத் தோட்ட நிர்வாகமும் படிக்கும். இங்கே தேயிலைத் தோட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ‘வடக்கே உள்ள ஒரு தோட்டம், 52 வயது, கோயில் கமிட்டியில் இருப்பவர்’ என்று எழுதினாலே போதும், ஆள் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். மானிடவியலாளர் ரவீந்திர ஜெயின் 1960களின் தொடக்கத்தில் மலாயா ரப்பர் தோட்டமொன்றில் தங்கிச் செய்த ஆய்வு 1970இல் யேல் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அதில் அவர் தோட்டத்துக்கு ‘பால் மெலாயு’ என்று புனைபெயர் வைத்தார். நீங்கள் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. வயதையும் பொறுப்பையும் பொதுவாக்குங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. ஒரு வாய்ச்சொல்லால் அதற்கு ஆபத்து வரக்கூடாது.

எந்த இதழுக்கு அனுப்புவது? உங்கள் நூற்பட்டியலைப் புரட்டுங்கள். அதில் எந்த இதழ் அடிக்கடி வருகிறதோ அங்கேதான் உங்கள் வாசகர்கள் இருக்கிறார்கள். தமிழில் எழுதுவதென்றால் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் ‘தமிழ்ப் பேராய்வு’ இருக்கிறது. பணம் கட்டினால் மூன்றே நாளில் ஏற்கிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களை நம்பாதீர்கள். ஒரு கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். மேற்பார்வையாளர் பெயர் சேருமா, எந்த வரிசையில் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

மதிப்பீட்டாளர் திருத்தம் கேட்டால் சோர்ந்துவிடாதீர்கள். திருத்தம் கேட்பது மறுப்பு அல்ல. ஒவ்வொரு குறிப்புக்கும் என்ன மாற்றினீர்கள், எதை ஏன் மாற்றவில்லை என்று தனித்தனியாகப் பதில் எழுதி அனுப்புங்கள்.

கட்டுரை வெளிவந்ததும் அதன் சாரத்தை இரண்டு பக்கம் எளிய தமிழில் எழுதி, பேட்டி கொடுத்தவர்களின் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.