பழவேற்காட்டுத் துட்டு

பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனத்தைக் கடந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் சாலை முடியுமிடத்தில், ஏரிக்கரை மணலில் குந்தியபடி, கொடுக்குகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பச்சை நண்டுகளை ஒவ்வொன்றாகத் தராசுத் தட்டில் வைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, எடை முடிந்து வியாபாரி கைப்பேசியைத் தட்டத் தொடங்கியதும், “எம் மவனுக்குத் துட்டு போயிடுச்சா, தம்பி?” என்று கேட்டாள். அந்தச் சொல்லை அவ்விடத்தில் கேட்க எனக்குப் பரம சந்தோஷம். ஏனெனில் டச்சுக்காரராகிய ஒல்லாந்தர் ‘டொய்ட்’ என்று வழங்கிய செப்புக்காசே தமிழில் துட்டாயிற்று.

1610-இல் இங்கே கால் ஊன்றி, 1613-இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி, இவ்வூரில் நாணயச் சாலையும் நடத்திற்று. கீழைத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க அவர்களுக்குச் சோழமண்டலத் துணி வேண்டியிருந்தது. அத்துணியை நெய்தவருக்கோ ஐரோப்பியச் சரக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆகவே ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பொன்னையும் வெள்ளியையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். கடலெங்கும் செல்லுபடியான ஸ்பானிய வெள்ளிக்காசுதான் அன்றைய டாலர்; அமெரிக்க டாலரே அதன் அச்சில் வார்க்கப்பட்ட பிள்ளை. ஆனால் அத்தகைய காசும் தறி இருக்கும் வாசலில் வந்து நிற்கும்போது, இம்மக்கள் கண்டு பழகிய வராகனாகவும் காசாகவும் வேஷம் மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

எங்கும் செல்லும் அத்தகைய காசைத்தான் கையிருப்பு நாணயம் என்று பொருளாதார நிபுணர் பேசுகிறார்கள். இன்றும் இந்நண்டு உயிரோடு விமானமேறிச் சிங்கப்பூருக்குச் சென்றால், வாங்குபவரும் விற்பவரும் அமெரிக்கர் அல்லர் என்றபோதிலும், பட்டியல் பெரும்பாலும் டாலரில்தான் எழுதப்படுகிறது. எல்லாரும் டாலரை ஏற்பதால் ஒவ்வொரு தேசமும் ஆபத்துக்கு உதவட்டும் என்று அதையே சேர்த்து வைக்கிறது.

அந்த ஸ்தானம் எவருக்கும் சாசுவதமாக எழுதித் தரப்படவில்லை. 1609-இல் தோன்றிய ஆம்ஸ்டர்டாம் வங்கியின் கணக்கேட்டுப் பணத்தை, நிலவறையில் அதற்கு ஈடான காசு உண்டு என்ற நம்பிக்கையால், கையில் உள்ள காசைவிட உயர்வாக மதித்தார்கள் ஐரோப்பிய வணிகர்கள். அவ்வங்கியோ, பழவேற்காட்டை ஆண்ட அதே கம்பெனிக்கு ரகசியமாகக் கடன் கொடுத்துக்கொண்டே போயிற்று. 1780-இல் ஆங்கிலேயருடன் யுத்தம் மூண்டு, 1781-இல் இக்கோட்டையும் அவர்கள் கைக்குப் போய், கம்பெனி நொடித்து, குட்டு வெளிப்பட்டபின் வங்கியின் மதிப்பு சரிந்தது. 1819-இல் கதவையும் அடைத்தார்கள். பிறகு ஆங்கிலேயரின் பவுண்டு நாணயத்தின் காலம்; 1944-இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குப்பின் டாலரின் காலம். அவுன்ஸ் பொன்னுக்கு 35 டாலர் என்ற வாக்கை 1971 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்ஸன் கைவிட்டும் டாலர் விழவில்லை. பழக்கத்தின் பலம் அத்தகையது. ஆயினும் 2000-ஐ ஒட்டி உலகக் கையிருப்பில் 70 சதவீதமாக இருந்த அதன் பங்கு இன்று 60-க்கும் கீழே வந்துவிட்டது; 2022-இல் ருஷ்யாவின் சுமார் 30,000 கோடி டாலர் மதிப்புள்ள கையிருப்பு முடக்கப்பட்டதைக் கண்ட மற்ற தேசங்கள் பொன்னை நாடுகின்றன. 1991 நெருக்கடியில் 47 டன் பொன்னை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்த நம் ரிசர்வ் வங்கி, லண்டனில் வைத்திருந்த பொன்னில் 100 டன்னை 2023-24 நிதியாண்டில் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தது.

காவலாளே வேண்டாம், கணக்கேடு எல்லார் கண்ணுக்கும் திறந்தே கிடக்கும், 2 கோடியே 10 லட்சத்துக்குமேல் ஒரு காசும் பிறக்காது என்ற பிரதிக்ஞையோடு 2009-இல் பிறந்தது பிட்காயின் என்ற கிரிப்டோ நாணயம். ஆம்ஸ்டர்டாம் கதையை அறிந்தவர்க்கு அதன் கவர்ச்சி விளங்கும். ஆனால் 2021 நவம்பரில் 60,000 டாலருக்குமேல் விற்றது மறு நவம்பரில் 17,000-க்கும் கீழே இறங்கியதே, அதில் நண்டுக்கு விலை பேசுவது எப்படி? அதைச் சட்டபூர்வ நாணயமாக்கிய எல் சால்வடார், ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை 2025-இல் நீக்கிக்கொண்டது. கிரிப்டோ உலகில் நிஜமாகக் கைமாறும் பணத்தில் பெரும்பகுதி, டாலரையே ஈடாகக் காட்டும் ‘ஸ்டேபிள்காயின்’; அதை வெளியிடுவோர் அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களை வாங்கிக் குவிப்பதைப் பார்த்தால், டாலரைக் கவிழ்க்கப் புறப்பட்டவர்கள் அதற்குப் பல்லக்குத் தூக்குகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் அரசாங்கமோ 2022 முதல் கிரிப்டோவில் கிடைக்கும் லாபத்துக்கு 30 சதவீத வரி போட்டுவிட்டு, அவ்வாண்டு டிசம்பரிலேயே சொந்த மின் ரூபாயைப் பரீட்சார்த்தமாக மக்கள் கையில் கொடுத்துப் பார்த்தது.

கரையில் வியாபாரி, “போயிடுச்சும்மா” என்று திரையைக் காட்டினார். மூதாட்டி அதை ஒருகணம் உற்றுப் பார்த்துவிட்டு, “பஸ்ஸுக்கு மட்டும் கையிலே குடு, தம்பி” என்று முந்தானையை நீட்டினாள்.