கிற்றார் அம்பிளிபயரின் ஐ.சி. எரிந்தால்

இடம்பெயர்ந்து வந்த இடத்தில் வழிபாட்டுக்கும், பிள்ளைகளின் பாட்டுக்கும், அறிவித்தலுக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு சிறிய கிற்றார் அம்பிளிபயர்தான் இருக்கும். அது ஒருநாள் பெரிதாக இரைந்து பியூஸை எரித்துவிட்டு ஊமையாகிவிட்டால், "புதிது வாங்குங்கள்" என்ற சொல்லை உடனே நம்பிவிட வேண்டாம். பல வேளைகளில் கெட்டிருப்பது ஐந்து கால்களுள்ள ஒரு ஐ.சி. மட்டுமே.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய பின்னரும் பெரிய கொள்ளளவிகளில் மின் தங்கியிருக்கும். 100 ஓம், 5 உவாற்றுத் தடையியை ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் சில செக்கன்கள் பிடித்து, மீற்றரால் அளந்து உறுதிசெய்யுங்கள். வீட்டு மின் 230 வோல்ற்று. பழகாதவர் இதைத் தனியே செய்யக்கூடாது.

இவ்வகைப் பெட்டிகளில் அதிகம் காணப்படுவது ரி.டி.ஏ. 2030, 2050 என்பவை. எழுத்து உங்களைப் பார்த்திருக்க, இடமிருந்து 1, 2 உள்வரும் ஒலிக்கு. 3 மறை மின், 5 நேர் மின், 4 ஸ்பீக்கருக்கு. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 4க்கும் 3க்கும், 4க்கும் 5க்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். ஒன்றிலாவது பூச்சியத்தை ஒட்டிக் காட்டினால் ஐ.சி. கெட்டதென்றே கொள்ளலாம். ஸ்பீக்கரையும் அளவுங்கள்: 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 ஓம் காட்டவேண்டும்.

கழற்றும்போது ஐந்து கால்களையும் வெட்டி, ஒவ்வொன்றாகச் சூடாக்கி எடுங்கள். ஒன்றாக இழுத்தால் செப்புக் கோடு உரிந்துவிடும்.

புதியதை உடனே பொருத்திவிடுவதுதான் பலர் விடும் பிழை. இந்த ஐ.சி.க்குள் சூட்டுக்கும் குறுக்குச்சுற்றுக்கும் காவல் உண்டு. அதையும் மீறி எரிந்ததென்றால் காரணம் வெளியே இருக்கலாம்: தளர்ந்த அலுமினியத் தகடு, 4 ஓமுக்குக் குறையும்படி இணைத்த ஸ்பீக்கர்கள், அறுந்து முட்டும் வயர், 4ஆம் காலருகே கருகிய 1 ஓம் தடையி. இதைத் தேடாவிட்டால் இரண்டாவது ஐ.சி.யின் பணமும் போய்விடும்.

சோதனைக்கு 60 அல்லது 100 உவாற்று இழைக் குமிழ் ஒன்றை மின்வழியில் தொடராக இணைத்து, அதன் வழியாகவே மின் கொடுங்கள். எல்.ஈ.டி. குமிழ் இதற்கு உதவாது. ஐ.சி. இல்லாத நிலையில் 3க்கும் 5க்கும் உரிய துளைகளில் வோல்ற்றை அளவுங்கள். 2030 தாங்குவது 36 வரை, 2030ஏ 44, 2050 என்றால் 50. ஆகவே 2030இன் இடத்தில் 2050 போடலாம். மாற்றிப் போடுவது ஆபத்து. மலிவாகக் கிடைப்பவற்றில் போலிகளும் உண்டு, கவனம்.

பொருத்துமுன் மின்னை மீண்டும் இறக்குங்கள். ஐ.சி.யின் உலோக முதுகு 3ஆம் காலோடு இணைந்தது. பழைய மைக்காத் துண்டையும் பிளாஸ்ரிக் வளையத்தையும் எறியாமல் திரும்ப வையுங்கள். வெள்ளைப் பசையை மெல்லிதாகப் பூசுங்கள். இவற்றை மறந்தால் மின் நேரே தகட்டுக்குப் பாயும்.

குமிழ் ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. தொடர்ந்து எரிந்தால் நிறுத்தி மீண்டும் தேடுங்கள். நேர், மறை இரண்டும் உள்ள பெட்டியில் 4ஆம் காலுக்கும் நிலத்துக்கும் இடையே 0.1 வோல்ற்றுக்குள் இருக்கவேண்டும். ஒற்றை மின்வழி உள்ளதில் பாதி வோல்ற்று இருக்கும். இது சரியான பின்னரே ஸ்பீக்கரை இணையுங்கள்.