மலைப்பாதைக்கு ஏற்ற டயர்

கார் வாங்குவோர் எதை எதையெல்லாம் ஆராய்கிறார்கள்! நிறம் எப்படி, இருக்கை எப்படி, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று நாட்கணக்கில் விசாரிக்கிறார்கள். ஆனால், அந்தக் காரைத் தரையோடு பிணைத்திருக்கும் ஒரே பொருளாகிய டயரைப் பற்றி விசாரிப்பவர் மிகச் சிலரே. பழையது தேய்ந்த பிறகு, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை மாட்டிக்கொண்டு வருவதே பெரும்பாலோர் வழக்கம். சமவெளியில் இவ்வழக்கம் ஓரளவு செல்லும், மலையிலே செல்லாது. எவ்வாறு என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையை நீங்கள் அறிவீர்கள். நாமக்கல் மாவட்டத்தில், ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் மலை அது. மலைமேல் உள்ள ஊர்த் தொகுதிகளை ‘நாடு’ என்றே இன்றும் வழங்குகிறார்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என்பவற்றைப் போலத் திருப்புலி நாடும் அவற்றுள் ஒன்று. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. தமிழகத்தில் காரோட்டியின் திறமையையும் காரின் திறமையையும் ஒருங்கே சோதிக்கும் பாதை எது என்று கேட்டால், இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

திருப்புலி நாட்டில் மிளகும் காபியும் பயிரிடும் நண்பர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். “என் காருக்கு நான்கு டயர் மாற்ற வேண்டும். வளைவிலே நன்றாகப் பிடிக்க வேண்டும்; சொகுசாக இருக்க வேண்டும்; சத்தமும் இருக்கக் கூடாது. எதை வாங்கலாம்?” என்பது அவர் கேள்வி. கடிதத்தின் இறுதியில் இன்னொரு வரியும் இருந்தது: “இரவு நேரத்தில் எங்கள் பக்கத்து ஊரில் யாருக்காவது பிரசவ வலி கண்டால், பல சமயம் என் கார்தான் கீழே இறங்குகிறது.” இந்த இறுதி வரிதான் என்னை ஆழ்ந்து சிந்திக்கச் செய்தது. அவர் கேட்ட மூன்று குணங்களுக்கும் உரிய வரிசையை நிர்ணயிப்பதும் அந்த வரியே.

முதலில் ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். கார் ஒன்றின் எடை 1,000 கிலோ என்று கொள்வோம். ஒவ்வொரு சக்கரமும் 250 கிலோவைச் சுமக்கிறது. டயரினுள் சதுர சென்டிமீட்டருக்கு 2.2 கிலோ வீதம் காற்றழுத்தம் இருக்குமானால், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 114 சதுர சென்டிமீட்டர்தான். அதாவது, ஓர் உள்ளங்கை அகலம்! நான்கு சக்கரங்களுக்கும் நான்கு உள்ளங்கை. காரை ஓட்டுவதும், நிறுத்துவதும், திருப்புவதும் அந்த நான்கு உள்ளங்கைகளே. எஞ்சினும் பிரேக்கும் எவ்வளவு வலிமை உடையனவாயினும், அவ்வலிமை இந்தச் சிறு பரப்பின் வழியாகத்தான் சாலையை அடைந்தாக வேண்டும்.

இனி, வளைவிலே நேர்வதைக் காண்போம். 10 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவு ஒன்றில் கார் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது. அப்போது பக்கவாட்டில் டயர் கொடுக்க வேண்டிய பிடி, காரின் எடையில் ஏறத்தாழ 10-இல் 3 பங்கு. வேகத்தை 30 கிலோமீட்டராக்கினால், வேண்டிய பிடி 10-இல் 7 பங்காகி விடுகிறது. வேகம் ஒன்றரை மடங்காகும்போது இழுப்பு இரண்டேகால் மடங்காகிறது! உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர் இதைத் தாங்கும். மழை பெய்து, மேலே மண்ணும் சருகும் படிந்த சாலையில், பல டயர்களுக்கு அவ்வளவு பிடி கிடையாது. வளைவில் டயர் கிறீச்சிடுவதைக் கேட்டிருப்பீர்கள். சிலர் அதைச் சாமர்த்தியத்தின் ஓசையாகக் கருதுகிறார்கள். பிடியின் எல்லை நெருங்கிவிட்டது என்று டயர் விடுக்கும் எச்சரிக்கையே அது.

பிடி எதனால் வருகிறது? முதலாவதாக, ரப்பரின் தன்மையால். மென்மையான ரப்பர் சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களிலே படிந்து பற்றிக் கொள்ளும். ஆனால் விரைவில் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும். ஆனால் ஈரத்திலே வழுக்கும். ரப்பர்க் கலவையில் கரித்தூளுடன் சிலிக்கா என்னும் பொருளையும் சேர்க்கும் முறை 1990-களில் பரவியது. ஈரப்பிடியை இழக்காமல், டயர் உருளும்போது வீணாகும் ஆற்றலைக் குறைப்பதற்கு அது துணை செய்தது. இரண்டாவதாக, டயரின் முகத்திலே வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்களால். அவை அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. டயருக்கும் சாலைக்கும் இடையே அகப்படும் நீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் அவை. மெக்கானிக்குகள் ‘பட்டன்’ என்று சொல்லும் ரப்பர்க் கட்டிகள் தோள்பக்கத்தில் பெரியனவாகவும் உறுதியாகவும் இருந்தால், வளைவில் அவை மடங்காமல் நிற்கும்.

அடுத்தது சொகுசு. காற்றடைத்த டயர் பிறந்ததே சொகுசை நாடித்தான். 1845-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் தாம்சன் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அது வழக்கில் நிலைக்கவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காக அதை மீண்டும் படைத்தார். அன்று முதல் இன்று வரை, குலுக்கலை முதலில் வாங்கிக் கொள்வது டயரினுள் இருக்கும் காற்றும், டயரின் பக்கச் சுவருமே.

இங்கேதான் முரண்பாடு தொடங்குகிறது. பக்கச் சுவர் உயரமாயும் நெகிழ்வாயும் இருந்தால் பயணம் மெத்தென்று இருக்கும். ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் சற்றுத் தயங்கியே திரும்பும். சுவர் குட்டையாயும் விறைப்பாயும் இருந்தால் கார் சொன்னபடி கேட்கும். ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பு எண்ணும். 1946-இல் பிரான்சு நாட்டு மிஷலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர் இவ்விரண்டையும் ஓரளவு இசைவித்தது. அதிலே பக்கச் சுவர் நெகிழ்கிறது; தரையைத் தொடும் முகத்தை மட்டும் எஃகுக் கம்பிப் பட்டை இறுக்கிப் பிடிக்கிறது. இன்று கார்களில் ஓடுவன பெரும்பாலும் ரேடியல் டயர்களே.

டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படிக்கக் கற்றுக் கொண்டால், இம்முரண்பாடு கண்ணுக்கே புலப்படும். ‘185/65 ஆர் 14 88 டி’ என்று இருப்பதாகக் கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. இங்கே 120 மில்லிமீட்டர். ‘ஆர்’ என்பது ரேடியல். 14 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். 88 என்ற குறி ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்றும், ‘டி’ என்ற எழுத்து மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்றும் அறிவிக்கின்றன.

இளைஞர் பலர் இதைக் கழற்றிவிட்டு, ‘195/50 ஆர் 16’ என்ற அளவை மாட்டுகிறார்கள். சக்கரத்தின் மொத்த உயரம் இரண்டிலும் ஏறக்குறைய 600 மில்லிமீட்டர்தான். ஆனால் பக்கச் சுவரோ 120-லிருந்து 98 மில்லிமீட்டருக்குக் குறைந்து விடுகிறது. பெரிய ரிம் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். நெடுஞ்சாலையில் கூர்மையாகத் திரும்பும். மலைச்சாலையின் ஓரம் இடிந்த பள்ளத்தில் இறங்கினாலோ, ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டயர் நசுங்கும். உள்ளே நூல் அறுந்தால் சுவரிலே வீக்கம் தோன்றும். அத்தகைய டயரை உடனே மாற்ற வேண்டுமே ஒழிய, ஒட்டுப் போட்டு ஓட்டலாகாது. ஆகவே, கார் செய்தவர்கள் குறித்த அளவை விட்டு விலகாதிருப்பதே மலைவாசிகளுக்கு நலம்.

மூன்றாவது, சத்தம். டயர் உருளும்போது பள்ளங்களில் அகப்படும் காற்று அமுங்கி வெளியே பீறிடுகிறது. ரப்பர்க் கட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையைத் தட்டுகின்றன. கட்டிகள் யாவும் ஒரே அளவாக இருந்தால் தட்டல்கள் சேர்ந்து ஒரே சுருதியில் ஊளையிடும். அதனால், கட்டிகளின் நீளத்தைச் சிறிதும் பெரிதுமாக மாற்றி அமைத்து அந்தச் சுருதியைக் கலைத்து விடுகிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் 2012 முதல் டயருக்கு ஈரப்பிடி, உருளும் தடை, ஓசை ஆகிய மூன்றையும் குறிக்கும் சீட்டு ஒட்டப்படுகிறது. அதிலே காணும் டெசிபல் அளவு சாலையோரம் நிற்பவர் கேட்கும் ஓசையைக் குறிக்கும். காருக்குள் கேட்பதை அன்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மேலும், டயரின் ஓசை வேகத்தோடு வளர்வது. நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு அது பெரும் தொல்லை. 20 கிலோமீட்டரில் வளைவு வளைவாக இறங்குபவருக்கு அது ஒரு பொருட்டே அன்று. எஞ்சினின் ஓசையே அங்கு மிகுதி. நாட்பட்ட டயர் புதிதாக முனகத் தொடங்கினால், பெரும்பாலும் அது ஏறுமாறாகத் தேய்ந்திருக்கும். வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்று பொருள். கார் திரும்பும்போது மட்டும் ஓசை கூடியும் குறைந்தும் வருமானால், டயரைக் குறை கூறாமல் சக்கரத்தின் பேரிங்கைச் சோதிக்க வேண்டும்.

ஆகவே, மூன்று குணங்களும் ஒருங்கே முழுமையாக அமைவது அரிது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறது. எதை முதலில் வைப்பது? நம் பாதையின் மிக இனிய வேளையைக் கொண்டன்று, மிகக் கொடிய வேளையைக் கொண்டே டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. திருப்புலி நாட்டு நண்பருக்கு அந்த வேளை எது? ஐப்பசி மழை இரவு, மூடுபனி, பின்னிருக்கையில் வலியால் துடிக்கும் ஒரு பெண், முன்னே 70 வளைவுகள். அந்த வேளையிலே ஈரப்பிடிதான் முதற்குணம். குலுக்கலைக் குறைக்கும் உயர்ந்த பக்கச் சுவர் இரண்டாவது. நோயாளிக்கு அது வெறும் சொகுசன்று, ஒருவகை மருத்துவமே. ஓசையின்மை மூன்றாவது. சேலத்துக்கும் சென்னைக்கும் நாள்தோறும் ஓடுபவர் வேண்டுமானால் இவ்வரிசையில் ஓசையை மேலே ஏற்றிக் கொள்ளட்டும்.

தேர்ந்தெடுப்பதோடு கடமை முடிந்து விடுவதில்லை. சில செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

டயருக்கும் வயது உண்டு. பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் காணப்படும். ‘2319’ என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகி, ஈரத்திலே பிடி இழக்கும். பழைய டயர்க் கடையில் பட்டன் ஆழமாக இருக்கிறது என்று மகிழ்ந்து வாங்குவோர், இந்த இலக்கங்களையும் பார்க்க வேண்டும். நாமக்கல் லாரிகள் தேய்ந்த டயருக்கு மேற்பட்டை போட்டு ஓடுகின்றனவே என்று கேட்கலாம். அது மதிப்பிற்குரிய பழந்தொழில்தான். 1946-இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1952-இல் இத்தொழிலுக்கு வேண்டிய ட்ரெட் ரப்பர் செய்துதான் டயர் உலகில் நுழைந்தது. ஆனால் லாரி டயரின் உடல் கனமானது; மேற்பட்டை மாற்றுவதைக் கருதியே அமைக்கப்படுவது. மெல்லிய உடலுடைய கார் டயருக்கு அந்த உவமை பொருந்தாது.

பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் தெரியும். பட்டன் தேய்ந்து அவற்றோடு சமமானால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம்; அதற்கு மேல் ஓட்டலாகாது. மழைப் பாதையில் செல்வோர் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது அறிவுடைமை.

இரண்டு டயர் மட்டுமே வாங்க முடியுமானால், புதியவற்றைப் பின்சக்கரங்களில் மாட்டுங்கள். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைத் தணித்து மீளலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும். இறக்கத்தில் பின்சக்கரங்களின் மேல் சுமை குறைவதால் அந்த அபாயம் மேலும் மிகுதி.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மலையேறினால் காற்றைக் குறைக்க வேண்டும் என்று சிலர் கூறுவர். அடிவாரத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால், வெளிக்காற்றின் அழுத்தம் தாழ்வதால் அளவி ஏறக்குறைய ஒன்றரை பவுண்டு கூடுதலாகக் காட்டும். ஆனால் மலையின் குளிர்ச்சியால் ஒரு பவுண்டு குறைந்து விடும். இயற்கையே கணக்கைச் சரி செய்து விடுகிறது! ஓட்டுநர் பக்கத்துக் கதவருகே ஒட்டியிருக்கும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் வைத்தால் போதும். சொகுசுக்காகக் காற்றைக் குறைத்தால் சுவர் மடங்கிச் சூடேறும். வளைவில் கார் துவளும். கூட்டினால் உள்ளங்கை சுருங்கும், பிடி குறையும்.

நேயர்களே, டயர் பேசாத பொருள். நல்ல டயரின் பெருமை நமக்குத் தெரிவதே இல்லை. மழையில் இறங்கிய கார் எழுபது வளைவுகளையும் கடந்து காரவள்ளியில் வந்து நிற்கும்போது, உள்ளே இருப்பவர் எவரும் டயரை நினைப்பதில்லை. அவ்வாறு நினைவுக்கு வராமலே கடமை செய்து முடிப்பதுதான் அதன் சிறப்பு. அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது விலையைக் கேட்பதற்கு முன், உங்கள் பாதையின் கொடிய வேளையை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். எதை வாங்க வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.