டேஷ்போர்டைக் கழற்றச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்!

மே மாதம். உச்சி வெயில். சென்னை புதுப்பேட்டையில் ஒரு சிறிய ஒர்க்ஷாப். அதன் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். அவருடைய சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அது ஏ.சி. கார்தான். ஆனால் ஏ.சி. குளிரவில்லை.

"பாய்! டேஷ்போர்டை இறக்கி ஏத்த என்ன கேட்பீங்க?" என்றார் டிரைவர்.

"எதுக்குத் தம்பி அதை இறக்கணும்?" என்று திருப்பிக் கேட்டார் மெக்கானிக். அவருக்கு வயது 60க்கு மேல் இருக்கும்.

டிரைவர் தன் கதையைச் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன் ஏ.சி.யில் குளிர் குறைந்தது. ஒரு கடையில் கேஸ் ஏற்றினார். 15 நாள் நன்றாகக் குளிர்ந்தது. பிறகு அனல் காற்று. மறுபடியும் கேஸ் ஏற்றினார். மறுபடியும் 15 நாள்தான். மூன்றாவது முறை ஏற்றியதும் தங்கவில்லை. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். "உள்ளே கூலிங் காயிலில் ஓட்டை. டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும். 2 நாள் வண்டி நிற்கும். 14 ஆயிரம் ரூபாய் ஆகும்" என்றாராம்.

ஏ.சி. இல்லாத காரில் யார் ஏறுகிறார்கள்? ஏறினாலும் பாதி வழியில் சண்டைதான். காருக்கு மாதத் தவணை கட்ட வேண்டும். அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. மகளுக்குச் சம்பளம் கட்ட வேண்டும். 14 ஆயிரத்துக்கு அவர் எங்கே போவார்?

மெக்கானிக் டேஷ்போர்டின் பக்கமே போகவில்லை. "முதல்ல பானெட்டைத் திறங்க" என்றார்.

குளிர் எப்படி வருகிறது?

மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகிறது. ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கார் ஏ.சி.யிலும் இதே வித்தைதான் நடக்கிறது. தண்ணீருக்குப் பதிலாக அதில் ஒரு கேஸ் ஓடுகிறது.

என்ஜின் ஓரத்தில் இருக்கும் கம்ப்ரெசர் அந்த கேஸை அழுத்துகிறது. அழுத்தினால் அது சூடாகும். சூடான கேஸ், காரின் முகப்பில் இருக்கும் கண்டென்சருக்குப் போகிறது. அங்கே வெளிக்காற்று பட்டு, ஆறி, திரவமாகிறது. அந்தத் திரவம் ஒரு சிறிய வால்வின் வழியாகக் கூலிங் காயிலுக்குள் பீறிட்டுப் போய் ஆவியாகிறது. காயில் குளிர்ந்துவிடும். புளோயர் அதன்மேல் காற்றை ஊதுகிறது. நம் முகத்தில் படுவது அந்தக் காற்றுதான். ஆவியான கேஸ் மறுபடியும் கம்ப்ரெசருக்கே திரும்புகிறது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் எரிந்து தீர்ந்துவிடும். ஏ.சி. கேஸ் எரிவதில்லை, தீர்வதுமில்லை. அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. வருஷக் கணக்கில் ரப்பர் குழாய்கள் வழியாகக் கொஞ்சம் கசியலாம். ஆனால் 15 நாளில் காலியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்!

டிக்கியில் இருந்த ஏ.சி.

ஆரம்பத்தில் இந்தக் கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருக்கவில்லை. அமெரிக்காவில் பக்கார்ட் கம்பெனி தன் 1940 மாடல் கார்களில் ஏ.சி. வைத்து விற்றது. அதன் காயில் காரின் டிக்கியில் இருந்தது. பெட்டி வைக்க வேண்டிய இடத்தில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஏ.சி.யை நிறுத்த வேண்டுமானால் என்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! சில வருஷங்களிலேயே அதை விட்டுவிட்டார்கள்.

1954ல் நாஷ் என்ற அமெரிக்கக் கம்பெனி எல்லாவற்றையும் காரின் முன்பக்கத்திலேயே அடக்கிக் காட்டியது. இடம் மிச்சமாயிற்று. விலையும் குறைந்தது. இன்று பெரும்பாலான கார்களில் கூலிங் காயில் டேஷ்போர்டுக்குப் பின்னால்தான். மெக்கானிக்கின் கை மட்டும் அங்கே எளிதில் போவதில்லை.

மூடியைக் காணோம்!

நம் மெக்கானிக் பானெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கேஸோடு கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்து சுற்றி வரும். கம்ப்ரெசர் தேயாமல் இருக்க அந்த எண்ணெய் வேண்டும். கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகப் படியும். கண்டென்சரைப் பார்த்தார். சுத்தம். குழாய் இணைப்புகளைப் பார்த்தார். சுத்தம். கேஸ் ஏற்றும் வாய்கள் இரண்டு உண்டு. அவற்றில் ஒன்றைச் சுற்றிக் கறுப்பு அழுக்கு. அதன்மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் மூடியையும் காணோம்.

உடனே அவர் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. குழாய்களுக்குள் நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றினார். சோப்புத் தண்ணீரைத் தொட்டு அந்த வாயில் தடவினார். குமிழி கிளம்பியது! ஒன்று, இரண்டு, மூன்று...

"பார்த்தீங்களா தம்பி? சைக்கிள் டியூபில் இருக்கிற மாதிரி இதுக்குள்ளேயும் ஒரு வால்வு பின் இருக்கு. மூடி இல்லாம தூசி இறங்கிப் பின் கெட்டுப்போச்சு. ஏத்துற கேஸெல்லாம் ஏத்தின வழியிலேயே போயிடுது."

பின்னை மாற்றினார். மறுபடியும் நைட்ரஜன் ஏற்றி, மீட்டரின் முள்ளைக் குறித்துக்கொண்டார். அரை மணி நேரம் காத்திருந்தார். எனக்கும் ஒரு டீ கிடைத்தது. முள் இம்மிகூட அசையவில்லை. கூலிங் காயிலில் ஓட்டை இருந்தால் முள் இறங்கியிருக்கும். 14 ஆயிரம் ரூபாய் வேலைக்கு அவசியமே இல்லை!

பிறகு நைட்ரஜனை வெளியேற்றினார். பம்பு வைத்து உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் அரை மணி நேரம் உறிஞ்சி எடுத்தார். தராசில் எடை பார்த்து கேஸ் ஏற்றினார். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று பானெட்டுக்குள்ளேயே சீட்டு ஒட்டியிருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள்தான். அதிகம் ஏற்றினால் அதிகம் குளிரும் என்பது தப்பு. குளிர் குறையும், கம்ப்ரெசருக்கும் ஆபத்து.

குற்றவாளி வேறு இடத்திலும் இருக்கலாம்

காற்று வேகமே இல்லையா? கிளவ் பாக்ஸைத் திறந்து பாருங்கள். பல கார்களில் அதன் பின்னால் ஒரு காகித பில்டர் இருக்கும். அது தூசியால் அடைத்திருக்கும். கிளவ் பாக்ஸைக் கழற்றினாலே கை எட்டும். இதை வீட்டிலேயே மாற்றலாம்.

முன்சீட்டில் இருப்பவரின் காலடியில் தண்ணீர் சொட்டுகிறதா? பயப்பட வேண்டாம். காயிலில் படியும் ஈரம் வெளியேற ஒரு ரப்பர் குழாய் உண்டு. காரின் அடியில் அதன் வாய் தெரியும். அது அடைத்திருக்கும். சுத்தம் செய்தால் போதும்.

கார் ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் குளிர் போகிறதா? கண்டென்சரில் சேறும் பூச்சியும் அப்பியிருக்கலாம். அல்லது அதன் மின்விசிறி ஓடவில்லை. கண்டென்சரை மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சூடு. உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம். இதற்குக் காரணம், காற்றைத் திருப்பும் சிறிய மோட்டாராக இருக்கலாம். பல கார்களில் காலடிப் பக்கமாகப் படுத்துக்கொண்டே அதை மாற்றிவிடலாம். உடம்பு வளைய வேண்டும், அவ்வளவுதான்!

காயில்தான் போய்விட்டது என்றால்?

அதுவும் நடப்பதுதான். அதை மறைக்கக் கூடாது. அப்போதும் கழற்றுவதற்கு முன் நிரூபிக்க வழி இருக்கிறது. ஏ.சி. கேஸ் காற்றைவிடக் கனமானது. காயிலில் கசிந்தால் அதன் பெட்டியின் அடியில் தங்கும். கேஸை மோப்பம் பிடிக்கும் கருவி ஒன்று உண்டு. அதைத் தண்ணீர் வடியும் குழாயின் வாயில் வைத்தால் 'கீ கீ' என்று கத்தும். சாயம் கலந்து பார்ப்பதும் உண்டு. கசியும் இடம் நீல விளக்கில் பச்சையாக ஒளிரும். "எதை வைத்துக் காயில் என்று சொல்கிறீர்கள்? காட்டுங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சில கார்களில் கிளவ் பாக்ஸ் வழியாகவே காயிலை உருவி எடுக்கலாம். சிலவற்றில் டேஷ்போர்டு முழுவதும் இறங்கியே தீர வேண்டும். அப்படிப்பட்ட காரில் சிலர் நேரத்தை மிச்சம் பிடிக்கப் பிளாஸ்டிக்கை அறுத்து வழி செய்வார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். உள்ளே ஏர்பேக் ஒயர்கள் ஓடுகின்றன. விபத்தில் உயிரைக் காப்பது ஏர்பேக். அது தெரிந்த ஆளிடம் கொடுங்கள். பிறகு 'கடகட' சத்தம் வராமல் ஒவ்வொரு கிளிப்பையும் பழைய இடத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

ஓட்டையை அடைக்கும் மருந்து என்று ஒரு டப்பா விற்கிறார்கள். வால்வையும் சேர்த்து அது அடைத்துவிடலாம். சமையல் கேஸை ஏற்றுகிறவர்களும் உண்டு. அது தீப்பிடிக்கும். குடும்பத்தோடு போகும் காரில் அதைத் தொடவே கூடாது. கேஸ் குழாயை வீட்டில் திறக்கவும் வேண்டாம். அந்தத் திரவம் கண்ணில் பட்டால் கண் உறைந்துபோகும்.

வாடகைக் கார் கிளம்பும்போது மாலை 4 மணி. மெக்கானிக் காற்று வரும் துளையில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகினார். 9 டிகிரி! கேஸ், பின், கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய் வாங்கினார். டிராயரைத் துழாவி ஒரு பழைய மூடியை எடுத்து, அந்த வாயில் திருகினார்.

"மூடிக்கு எவ்வளவு பாய்?"

"அதுக்கு ஒண்ணும் வேண்டாம். அடுத்த தடவை யாராவது கேஸ் ஏத்தினா, மூடியைத் திரும்பப் போட்டாங்களான்னு நீங்களே பார்த்துக்குங்க."