500 வெள்ளியில் ஒரு விளம்பரப் படம்

"ஒரு நிமிடம்கூட ஓடாத படத்துக்கு 6,500 வெள்ளியா?" என்று கேட்டபடியே அண்ணி விலைப்பட்டியலை மேசைமேல் வைத்தார். அவர் விற்பது நலங்கு மாவு. பாக்கெட் ஒன்று 18 வெள்ளி. எத்தனை பாக்கெட் விற்றால் அந்தப் பணம் திரும்பும் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்த என் அண்ணன், ஒன்றும் பேசாமல் எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார்.

பந்திங் பட்டணத்தில் ஒரு தாமான் வீடு. கடை கிடையாது, பசார் மாலாமில் வாரம் இரண்டு நாள் ஒரு மடக்கு மேசை. மற்ற நாட்களில் கைப்பேசிதான் கடை, காணொளிதான் கண்ணாடி அலமாரி. இன்று சிறு தொழில் செய்யும் நம் சகோதரிகள் பலருடைய நிலையும் இதுதானே! படம் இல்லாமல் விற்க முடியாது; படம் எடுக்கப் பணமில்லை.

"500 வெள்ளி தருகிறேன். நீயே எடுத்துக் கொடு" என்றார் அண்ணி. நான் ஒன்றும் படப்பிடிப்புக்காரி அல்ல. தொண்ணூறுகளில் ஒரு புகைப்படக் கடையில் எட்டு ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். அங்கே காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும்தான் என் படிப்பு.

கேமராவைத் தொடுவதற்கு முன்னால் அண்ணி எழுதி வைத்திருந்த வசனத்தைப் படித்தேன். "ஏழே நாளில் சிவப்பழகு! பரு, படை, தேமல் குணமாகும்!" என்று இருந்தது. ஊரில் எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்பது அவர் வாதம்.

மலேசியாவில் ஒப்பனைப் பொருள் எதுவானாலும் விற்பனைக்கு வருமுன் என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட வேண்டும். 1984-ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின் கீழ் வருவது இது. 2008 முதல் இந்த அறிவிப்பு முறை நடக்கிறது. அறிவித்த பொருளுக்கு 'நாட்' என்று தொடங்கும் ஓர் எண் கிடைக்கும். அண்ணியின் மாவுக்கு அந்த எண் இருந்தது. வீட்டு அடுப்படியில் அரைக்காமல், நல்ல தயாரிப்பு நெறிமுறைப்படி இயங்கும் ஒரு சிறு தொழிற்சாலையில் கொடுத்துத்தான் செய்கிறார். அந்த வகையில் அவர் கெட்டிக்காரி. ஆனால் எண் வாங்கிவிட்டால் எதையும் பேசலாம் என்று நினைத்துவிட்டார். பரு குணமாகும் என்பது மருந்து பேசுகிற பேச்சு. உடம்பைத் தேய்த்துக் குளிக்கிற மாவு அதைப் பேசக்கூடாது. சுத்தம் செய்யும், மணக்கும், தோல் மிருதுவாகும் என்று சொல்லிக்கொள்ளலாம்.

'சிவப்பழகு' மட்டும் அவர் மனத்தை விட்டுப் போக மறுத்தது. "அதைச் சொல்லாவிட்டால் யார் வாங்குவார்?" என்றார். 1975-இல் இந்தியாவில் கடைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி'கூட 2020-இல் தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லைக் கழற்றிவிட்டு 'குளோ அண்ட் லவ்லி' ஆகிவிட்டதே என்று நினைவூட்டினேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

பிறகு சாமான் வாங்கப் போனோம். முக்காலி 45 வெள்ளி, சட்டையில் குத்திக்கொள்ளும் ஒலிவாங்கி 79, ஒரு சிறிய விளக்கு 95. ஆக 219. கேமராவும் படத்தொகுப்பும் பார்க்க, கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 150. மீன் பெட்டிக்குப் போடுகிற வெள்ளைப் போலிஸ்டிரீன் பலகை இரண்டு, ஒரு மஹ்ஜோங் தாள், மூங்கில் தட்டு, பூ, அன்றைய சாப்பாடு எல்லாமாக 126. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அந்த 95 வெள்ளி விளக்கு வீண் செலவு. கடைசி வரை பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

நடிகை வெளியிலிருந்து வரவில்லை. அண்ணனின் மகள், பத்தொன்பது வயது. கறுத்த மேனி, களையான முகம். சின்ன வயதில் பள்ளிக்கூட நாடகத்தில் ஒருமுறை அவளைத் தோழி வேடத்துக்குத் தள்ளிவிட்டு வேறொரு பெண்ணை இளவரசியாக்கினார்கள். அதை அவள் சொல்லமாட்டாள், நமக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வரவேற்பறையில் வேலை தொடங்கியது. பையன் அவளை வெள்ளைச் சுவர் ஓரமாக நிறுத்தி எடுத்தான். திரையில் பார்த்தால் சுவர் பளிச்சென்று இருக்கிறது, பிள்ளையின் முகம் நிழல் படிந்த மாதிரி இருக்கிறது. "கொஞ்சம் ஃபில்டர் போட்டா சரியாயிடும் ஆன்ட்டி" என்றவன், எங்கேயோ தட்டினான். அடுத்த நொடி திரையில் ஒரு பொம்மை நின்றது. கன்னம் மாவு பூசினது போல் வெளுத்து, மூக்கு சிறுத்து, கழுத்து மட்டும் பழைய நிறத்தில்.

"அழகாத்தானே இருக்கு?" என்றார் அண்ணி.

பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தாள். "அத்தை, இது நான் இல்ல" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் கதவின் முன்னால் நின்றபோது எனக்குப் பழைய புகைப்படக் கடை ஞாபகம் வந்தது. படம் கழுவும் கடைகளில் நிறம் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை புழங்கியது. கோடாக் நிறுவனம் கொடுத்து வந்த அந்த அட்டைக்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அதிலே சிரித்தபடி ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் மேனி நிறம் ஒழுங்காக விழுந்தால் இயந்திரம் ஒழுங்கு என்று பொருள். கறுத்தவர்கள் முகம் எப்படி விழுந்தாலும் யாரும் கேட்டதில்லை. சாக்லேட் தயாரித்தவர்களும் மரச்சாமான் விற்றவர்களும் தங்கள் பொருள்களின் பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் தெரியவில்லை என்று முறையிட்ட பிறகே கோடாக் அதைக் கவனித்தது என்று கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ரோத் எழுதியிருக்கிறார். கல்யாணப் படம் வாங்க வந்த எத்தனை பெண்கள் என் கல்லா முன்னால் நின்று, "நான் இவ்வளவு கறுப்பா?" என்று கேட்டிருப்பார்கள்! ஒவ்வொருவரும் தன் மேனியைத்தான் நொந்துகொண்டார். நானும் அன்று சும்மா மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

எனவே இம்முறை பையனை உட்காரவைத்துச் சொன்னேன். தவறு அவள் முகத்தில் இல்லை, சுவரில் இருக்கிறது. தானாக இயங்கும் கேமராவுக்குப் படத்தில் வெண்மை மிகுந்தால், வெளிச்சம் கூடிவிட்டது என்று தோன்றும், மொத்தத்தையும் மங்கலாக்கும். வெள்ளைச் சுவர் அதனால் வெண்மை இழக்காது, மனிதமுகம்தான் இருண்டு போகும். அந்த இருட்டைச் சரிசெய்ய நாம் சுண்ணாம்பு அடிக்கிறோம். அவன் நல்ல பையன். "யாரும் இப்படிச் சொல்லித் தரலையே ஆன்ட்டி" என்று முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

வீட்டு வேலியோரம் ஆளுயரச் செம்பருத்தி வேலி. அதன் கரும்பச்சை இலைகளுக்கு நான்கடி முன்னால் பிள்ளையை நிறுத்தினோம். கிழக்கு வெயில் நேரே முகத்தில் அடிக்காதபடி, துணி காயப்போடும் கொடியில் அண்ணனின் வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டினோம். வேட்டியில் வடிந்து வந்த வெளிச்சம் அவளுடைய இடது கன்னத்தில் விழுந்தது. வலது பக்கம் போலிஸ்டிரீன் பலகையை நான் பிடித்துக்கொண்டேன், நிழல் லேசானது. அப்புறம் திரையில் அவள் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். பெரும்பாலான கைப்பேசிகளில் அப்படிப் பிடித்தால் வெளிச்ச அளவு அந்த முகத்துக்கென்று பூட்டிக்கொள்ளும். பின்னால் ஒரு காக்கை பறந்தாலும் மாறாது. முக அழகுக்கென்று கைப்பேசியில் உள்ள ஏற்பாடு முழுவதையும் நிறுத்தினோம். சில கைப்பேசிகளில் அது கடையிலிருந்து வரும்போதே இயங்கிக்கொண்டிருக்கும், கவனியுங்கள்.

கன்னத்து மேட்டில் துளித் தேங்காயெண்ணெய். கறுத்த மேனிக்கு உருவம் கொடுப்பது அந்த மினுமினுப்புத்தான். பவுடர் அப்பினால் சாம்பல் பூத்துவிடும்.

திரையைத் திருப்பி அவளிடம் காட்டினோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு, "எங்க பார்க்கணும்?" என்று கேட்டாள். அண்ணி புடவை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் உள்ளே போய்விட்டார்.

பத்தரைக்குள் அவள் பகுதி முடிந்தது. அதற்குமேல் எடுக்கக்கூடாது. தீபகற்ப மலேசியாவில் 1982 சனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். ஆகவே நமக்கு உச்சி வெயில் 12 மணிக்கு வருவதில்லை, ஏறக்குறைய 1.15-க்கு வருகிறது. 11-க்கும் 3.30-க்கும் இடையே வெட்டவெளியில் எடுத்தால் கண்ணுக்கடியில் பள்ளம் விழும், யாராயிருந்தாலும் பத்து வயது கூடும்.

அந்த நேரத்தில் ஐந்தடி நிழலில் மாவையும் பாக்கெட்டையும் எடுத்தோம். பச்சைப்பயறு, ரோஜா இதழ், வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள் எல்லாம் மூங்கில் தட்டில். பாக்கெட் பளபளப்பான காகிதம். எதிரே இருப்பதெல்லாம் அதில் தெரிந்தது, அண்ணனின் கோழி உட்பட. மஹ்ஜோங் தாளை அரைவட்டமாகச் சுற்றி நிறுத்தியதும் கோழி மறைந்தது. வீட்டுக்குள் எடுத்த ஒரு காட்சியில் மட்டும் குழல்விளக்கின் வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கைப்பேசி நொடிக்கு 30 படம் எடுத்தால் இரண்டுக்கும் தாளம் சேராது. 25 என்று மாற்றியதும் பட்டை போய்விட்டது.

பையனுக்கு இன்னொரு ஆசை இருந்தது. என் அம்மா உரலில் மாவு இடிப்பது போல் எடுக்க வேண்டுமாம். அம்மா முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்ற காலத்திலும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை இந்த மாவு தேய்த்துக் குளித்தவர். உரலும் வீட்டில் இருக்கிறது. ஆனால் விற்கிற மாவு இயந்திரத்தில் அரைத்தது ஆயிற்றே! அதைச் சொன்னதும் அம்மாவே உலக்கையைக் கீழே வைத்துவிட்டார். "இடிக்கிறது மிசினு, எம்பேரச் சொல்லிக் காசு வாங்குறதா? நான் பேசுறேன், அத எடு" என்றார்.

அவர் திண்ணையில் உட்கார்ந்து, லயத்தில் தன் அம்மா எப்படி இடித்தார், எதைக் குறைத்துப் போடுவார், சலித்த கப்பியை என்ன செய்வார் என்று பேசினார். ரொட்டிக்காரரின் ஹாரன் இரண்டு முறை கெடுத்தது. மூன்றாம் முறை அலமாரித் துணிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டுக் குரலை மட்டும் பதிந்தோம். துணி எதிரொலியைக் குடித்துவிடும். நான்கு நிமிடம் பேசியதில் ஒன்பது நொடிதான் படத்தில் இருக்கிறது. "எங்க காலத்துல இப்படி, இப்ப எம் மருமக மிசின்ல அரைச்சுத் தர்றா" என்று முடியும் அந்த ஒன்பது நொடிக்காகவே பலர் படத்தைத் திரும்பப் பார்த்தார்களாம்.

பின்னணிக்குப் பையன் ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்திருந்தான். அருமையான பாட்டுத்தான். ஆனாலும் எடுக்கச் சொன்னேன். 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. விளம்பரத்துக்குப் பாட்டை அனுமதியில்லாமல் போட்டால் படமே முடக்கப்படலாம். பதிலுக்கு மாவு சலிக்கிற சல்லடையின் ஓசையை வைத்தோம்.

படம் மொத்தம் 38 நொடி. முதல் மாதம் 46 பாக்கெட் அதிகமாக விற்றது. பெரிய தொகை என்று சொல்லமாட்டேன். போட்ட 500 அதில் திரும்பிவிடாது. சிகாமட்டிலிருந்து ஒரு பெண் எழுதிக் கேட்டிருந்தார்: "அந்தப் பொண்ணு என்ன மாதிரியே கறுப்பு. முகத்துக்கு என்ன போட்டீங்க?" அண்ணி பதிலில் மாவை விற்கப் பார்ப்பார் என்று நினைத்தேன். "செம்பருத்தி வேலிக்கு முன்னால நிறுத்தினோம்" என்று எழுதியிருந்தார்.

செலவு 495 ஆனது. மீதி 5 வெள்ளியை அண்ணி என் கையிலேயே கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் பிள்ளையும் பையனும் நானும் ஒரு கிண்ணம் செண்டோலை மூன்று கரண்டி போட்டுத் தின்றோம்.